பொருள் எண் 47

ஜூலை 8, திங்கள்

பிசியோதெரபி டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொல்லிவிட்டார். தினமும் சார் எத்தனை அடி நடந்தார் என்று எழுத வேண்டுமாம். டேப் வைத்து அளக்கிற அடி இல்லை, அவர் எடுத்து வைக்கிற அடி. இதற்கென்று நோட்டு வாங்குவானேன் என்று, புத்தாண்டுக்கு சிமெண்ட் ஏஜென்சிக்காரர் அலுவலகத்தில் கொடுத்த இந்த டைரியை எடுத்துக்கொண்டேன். ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது.

இன்று: 17 அடி. கட்டிலிலிருந்து டி.வி. வரைக்கும், அங்கிருந்து திரும்பக் கட்டிலுக்கும்.

சார் என்றால் என் வீட்டுக்காரர் இசக்கியப்பன். செவ்வல்பேட்டை மேல்நிலைப்பள்ளியில் இருபத்தாறு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து இடது கால் மக்கர் செய்கிறது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நான் கோயிலில் வேண்டிக்கொண்டதில்லை, தானாகவே தப்பித்துவிட்டது.

டாக்டரம்மா இருக்கிற அரசு ஆஸ்பத்திரி எங்கள் மேலப் பஜார் தெருவிலேயேதான் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து சரியாக முந்நூறு மீட்டர். "தினமும் நடந்தே வந்து நடந்தே போனீங்கன்னா, அதுவே பாதி வைத்தியம் சார். தீபாவளிக்குள்ள இந்தக் கால் ரோட்டைப் பார்க்கணும். இல்லைன்னா வீட்டுக்குள்ளயே பழகிரும், அப்புறம் வெளிய வராது" என்றார்.

நடப்பதற்கு நடைபாதை இருக்கிறது. நகராட்சிப் பதிவேட்டில் ஒன்றரை மீட்டர் அகலம் என்றே இருக்கிறது. தெருவில் அதன் மேல் டயர் கடைக்காரரின் டயர்கள், கல்யாணத் தட்டிகள் கட்டுகிற சவுக்குக் கம்புகள், வரிசையாக பைக்குகள், அருணகிரி மிட்டாய்க்கடையின் மூன்று சிமெண்டுப் படிகள், அந்தப் படியை ஒட்டி ஜாங்கிரி போடுகிற அடுப்பு. ஒன்றும் இல்லாத இடத்தில் சாக்கடை மூடி இல்லை. மே மாதம் ஒருநாள் ரோட்டில் இறங்கி நடந்து பார்த்தார். ஷேர் ஆட்டோ ஒன்று முழங்கையை உரசிவிட்டுப் போனது. அதிலிருந்து முந்நூறு மீட்டருக்கு ஆட்டோ வைத்துத்தான் போகிறோம். "நானூறு மீட்டர் ஓட்டத்துல முக்கால்வாசிட்டி இது. இதுக்கு ஆட்டோவா?" என்று ஒவ்வொரு தடவையும் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டே கேட்கிறார்.

ஜூலை 9, செவ்வாய்

19 அடி.

(21. நீ அடுப்படியில் இருந்தாய். - இசக்கி)

ஜூலை 10, புதன்

மேலே சிவப்பு மையில் எழுதியிருப்பது சார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இந்த டைரியை வாங்கிப் பரீட்சைப் பேப்பர் மாதிரி திருத்துகிறார். ஆகவே இதில் எழுதத்தக்கதை மட்டும் எழுதுவதாக இருக்கிறேன்.

20 அடி.

ஜூலை 18, வியாழன்

இன்று தபால் வந்தது. சார் சத்தமாகப் படித்தார்.

"'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது.' பதினாலாவது தடவைட்டி! எந்தப் பரதேசி உக்காந்து இதை டைப் அடிக்கான்?"

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

அந்தப் பரதேசி நான்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செவ்வல்பேட்டை நகராட்சியில் மன்றப் பிரிவு உதவியாளர் குழல்வாய்மொழி. ஆள் பற்றாக்குறையால் மனுப் பதிவும் என் மேஜையில்தான். நடைபாதையைச் சரிசெய்து தரும்படி ஏப்ரலிலிருந்து வாராவாரம் சார் மனு எழுதுகிறார். காலையில் என் டிபன் பையிலேயே அதை வைத்துவிடுவார். நான் அலுவலகம் போய்ப் பதிவெண் போட்டு, பிரிவுக்கு அனுப்பி, பிரிவிலிருந்து ஒன்றும் வராததால் 'பரிசீலனையில்' என்று டைப் செய்து, ஆணையரிடம் கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்ப்பேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்கே வரும். கையிலேயே கொண்டுவந்து கொடுத்தால் என்ன என்று கேட்டால், அது விதிமுறை இல்லை.

"பரிசீலனைன்னா என்னன்னாவது கேட்டுச் சொல்லேன்" என்றார்.

"கேக்கேன்" என்றேன். இருபத்து நாலு வருடமாக இந்த வார்த்தையை டைப் அடிக்கிறேன். யாரும் எதையும் பரிசீலித்து நான் பார்த்ததில்லை. இன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

18 அடி. இரண்டு குறைந்திருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

திங்கள்கிழமை நகர்மன்றக் கூட்டம். கூட்டத்தின் முன் வைக்கிற பொருள்களை எல்லாம் நம்பர் போட்டு டைப் செய்வது என் வேலை. இந்த மாதம் அறுபத்து மூன்று பொருள்கள். அலுவலகத்தில் ஒரே புழுக்கம். ஃபேனை ஐந்தில் வைத்தேன். காகிதங்கள் பறந்தன. பொறுக்கி அடுக்கும்போது சாருடைய பதினைந்தாவது மனு பொருள்களோடு கலந்துவிட்டது போலிருக்கிறது. கவனக்குறைவாக அதையும் டைப் செய்துவிட்டேன். மனிதர்களுக்குப் பிழை ஏற்படுவது சகஜம்.

அது பொருள் எண் 47. 'மேலப் பஜார் நடைபாதையை ஆறு வாரங்களுக்குள் மீட்டெடுத்து, சாக்கடைக்கு மூடியிட்டு, சாய்தளமும் ஐம்பது மீட்டருக்கு ஓர் இருக்கையும் அமைக்கவும், பணி முடியும்வரை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஏழு மணிக்கு நகர்மன்றத் தலைவர், ஆணையர், உறுப்பினர்கள் அனைவரும் வாகனமின்றி நடந்து சென்று பார்வையிட்டுப் பதிவேட்டில் கையொப்பமிடவும் மன்றத்தின் அனுமதிக்கு.'

மாலையில் ஆணையரிடம் கையெழுத்துக்கு வைத்தேன். போனில் பேசிக்கொண்டே கடைசிப் பக்கத்தில் போட்டுவிட்டார்.

22 அடி.

(ஃபேன் நன்றாக டைப் அடிக்கும் போலிருக்கிறதே. - இசக்கி)

ஜூலை 29, திங்கள்

கூட்டம் பதினோரு மணிக்குத் தொடங்கி பதினொன்று பதினொன்றுக்கு முடிந்தது.

எங்கள் தலைவர் சொர்ணம்மாள் மைக்கைத் தட்டி, "எல்லாரும் படிச்சிட்டியளா?" என்றார். இருபத்தேழு உறுப்பினர்களும் மேஜையைத் தட்டினார்கள். "அப்ப எல்லாம் பாஸா?" பாஸ். அறுபத்து மூன்றும் ஏகமனதாக நிறைவேறின. எப்போதும் இப்படித்தான். சண்டை போடுகிற உறுப்பினர்கள்கூடச் சண்டையை முடித்துவிட்டுப் பாஸ் போடுவார்கள். பிறகு உளுந்த வடை, ஜாங்கிரி. ஜாங்கிரி வழக்கம்போலத் துணைத்தலைவர் அருணகிரி கடையிலிருந்து.

தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் எழுத வேண்டும். யாரும் எதையும் முன்மொழிவதில்லை என்பதால் நான் அகர வரிசையில் பெயர்களை எழுதிக்கொண்டே போவேன். நாற்பத்தேழாவதுக்கு யார் வருகிறார் என்று பார்த்தால், துணைத்தலைவர் அருணகிரி. வரிசையில் விழுந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? மாலையில் கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டினேன். ஜாங்கிரிப் பிசுக்கோடு கையெழுத்துப் போட்டார்.

20 அடி.

(அருணகிரி வரிசையில் எத்தனையாவது? எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் எப்போதும் மேலே இருந்து மூன்றாவது. - இசக்கி)

ஆகஸ்ட் 2, வெள்ளி

நிறைவேறிய தீர்மானங்களை அலுவலகப் பலகையில் ஒட்டுவோம். அதை ஊரில் படிக்கிற ஒரே ஆள் ஒரு பத்திரிகை நிருபர். பலகைக்கு நேர் மேலே ஃபேன் இருப்பதால் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். இன்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது: 'இனி நடந்துதான் வருவோம்: செவ்வல்பேட்டை நகர்மன்றம் அதிரடி.'

பத்து மணிக்கு மாவட்ட ஆட்சியர் போனில் ஆணையரைப் பாராட்டினாராம். பத்து ஐந்துக்கு ஆணையர் என்னைக் கூப்பிட்டார். அவர் வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர், வயதில் சிறியவர், சத்தம் போடத் தெரியாதவர்.

"மேடம், இந்த நாற்பத்தேழை யார் வைத்தது?"

"நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

தன் கையெழுத்தையே அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாம், போட்டிருக்கிறேன்" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் இரண்டு உறுப்பினர்கள் தீர்மானத்தை ரத்து செய்ய வழி கேட்டு வந்தார்கள். மூன்று மாதத்துக்குள் ரத்து செய்ய வேண்டுமானால் பாதி உறுப்பினர்களாவது கையெழுத்திட்டுக் காரணம் எழுத வேண்டும் என்று சொன்னேன்.

"என்ன காரணம்னு எழுத?"

"படிக்காம பாஸ் பண்ணிட்டோம்னு எழுதலாம் அண்ணாச்சி."

பேப்பரை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

24 அடி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல் நடை. இருபத்தேழு பேரில் பத்தொன்பது பேர் வந்தார்கள். அதில் பத்துப் பேர் தெருமுனை வரை பைக்கில் வந்து, பைக்கை நடைபாதையின் மேலேயே நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். பதிவேட்டோடு நான் பின்னால் போனேன்.

டயர் கடையில் நான்காவது வார்டு உறுப்பினரின் வெள்ளை வேட்டி ஒரு லாரி டயரின் கம்பியில் மாட்டிக்கொண்டது. இருபது அடி தள்ளி, ஒன்பதாவது வார்டு மூடியில்லாத சாக்கடையில் முழங்கால் வரை இறங்கினார். "இது எத்தனை நாளா இப்படிக் கெடக்கு?" என்று கத்தினார். "பதினஞ்சு மனு வந்திருக்கு அண்ணாச்சி" என்றேன். அருணகிரி தன் கடை வந்ததும் கல்லாவில் ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே நுழைந்துகொண்டார். மற்றவர்கள் படியில் ஏறி, அடுப்பைச் சுற்றி, மறுபடி இறங்கினார்கள். எண்ணெய் தெறித்துப் பொறியாளர் சட்டையில் மூன்று புள்ளிகள்.

ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பும்போது எங்கள் வீட்டு வாசலில் தலைவருக்கு மூச்சு வாங்கியது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். சொர்ணம்மாள் கனத்த உடம்பு. சர்க்கரை, முழங்கால்வலி எல்லாம் உண்டு. தண்ணீர் குடித்துவிட்டு, உள்ளே கட்டிலில் இருந்த சாரைப் பார்த்தார்.

"சார், என் மவனுக்கு நீங்கதான பி.டி. எடுத்திய?"

"ஆமாம்மா. ஓட்டத்துல கடைசியா வருவான்."

"இப்பவும் எல்லாத்துக்கும் அப்படித்தான் வாரான். நீங்க ஏன் சார் வெளிய வாறதே இல்ல?"

"வெளிய எங்கம்மா இருக்கு?" என்றார் சார்.

தலைவர் நாற்காலியிலிருந்து திரும்பித் தெருவைப் பார்த்தார். பிறகு, கார் வந்தும் ஏறாமல் மிச்சத் தூரத்தையும் நடந்தே போனார்.

26 அடி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டாவது நடை. பத்து மணி வேலைக்கே நேரத்துக்கு வராத பொறியாளர் ஏழு மணிக்கே டேப்போடு நின்றார். போன வாரச் சட்டையிலிருந்து எண்ணெய்க் கறை போகவில்லையாம்.

31 அடி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சாக்கடைக்கு மூடி போட்டுவிட்டார்கள். எத்தனையோ வருடமாக 'பரிசீலனையில்' இருந்தது, ஒன்பதாவது வார்டின் ஒரு கால் உள்ளே போனதும் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. டயர்கள் போயின. சவுக்குக் கம்புகள் போயின. எங்கள் வாசலில் சின்னதாக ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள்.

தலைவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதாம். "டாக்டரு மாத்திரைய மாத்திட்டீங்களாங்காரு. இல்ல சார், ஒரு தீர்மானம் போட்டோம்னேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நடக்கிறார். இப்போது செவ்வாய் மட்டுமில்லை, தினமும் வருகிறார். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதும் தினமும் நடக்கிறது.

40 அடி.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று சார் வாசலைத் தாண்டினார். மே மாதத்துக்குப் பிறகு நடந்து தாண்டியது இதுதான் முதல் தடவை. என் தோளில் ஒரு கை, கம்பில் ஒரு கை. டயர் கடை வரை போய்த் திரும்பினோம். டயர் கடைக்காரர் எழுந்து நின்று, "சார் வணக்கம், நான் எட்டாப்பு பி செக்‌ஷன்" என்றார். சார் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "முதுகை நிமுத்துலே" என்றார். அவருக்கு வயது ஐம்பது இருக்கும். நிமிர்த்தினார்.

112 அடி! எனக்குத் தலைகால் புரியவில்லை. கேசரி கிண்டினேன்.

மிச்சம் அந்த மிட்டாய்க்கடைப் படி மட்டும்தான். மூன்று சிமெண்டுப் படியும் அடுப்பும் நடைபாதையின் முழு அகலத்துக்கும் நிற்கின்றன. சாரால் அதில் ஏறவும் முடியாது, ரோட்டில் இறங்கிச் சுற்றவும் முடியாது. இன்று நடையின்போது தலைவர் படிக்கு முன்னால் நின்று, "முன்மொழிஞ்ச துணைத்தலைவரே, நீங்கதான் எல்லாருக்கும் வழிகாட்டணும்" என்றார். பத்திரிகைக்காரர் போட்டோ எடுத்தார். அருணகிரி ஒரு வாரம் தவணை கேட்டார்.

செப்டம்பர் 2, திங்கள்

அருணகிரி அண்ணாச்சி என் மேஜைக்கே வந்தார். ஒரு கிலோ ஜாங்கிரிப் பெட்டி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தங்கை வீட்டுக்கு வந்தவர் போல நலம் விசாரித்தார்.

"மொழியம்மா, நான் உன்னைக் குத்தம் சொல்ல வரல. வேலைப் பளுவில ஒரு காயிதம் கலந்து போச்சு. மனுசன்னா தப்பு வாறதுதான். 'பொருள் 47 எழுத்துப் பிழையாகச் சேர்க்கப்பட்டது'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்திரு. பிழைன்னு ஆனா தீர்மானமே கெடையாது. படி அங்கனயே இருக்கும், உன் மேல ஒண்ணும் வராது."

பிறகு ஆணையரும் கூப்பிட்டார். நாற்பத்தேழுக்கு எந்தப் பிரிவின் குறிப்பும் இல்லை என்று துணைத்தலைவர் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். ஏழு நாளில் நான் விளக்கம் தர வேண்டும். பிழை என்று எழுதினால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார். தெரிந்தே வைத்தேன் என்றால் தீர்மானம் நிற்கும், ஆனால் நான் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவேன்.

"அக்டோபரில் கண்காணிப்பாளர் பட்டியல் வருகிறது மேடம். முதல் பெயர் உங்களுடையது. யோசித்து எழுதுங்கள்" என்றார். பயமுறுத்தவில்லை. உண்மையாகவே என் நல்லதற்குத்தான் சொன்னார்.

ஜாங்கிரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுத ஆசை. அலுவலகத்தில் எல்லோரும் அதற்குள் தின்றுவிட்டார்கள்.

118 அடி. படி வரைக்கும் போய்ப் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

செப்டம்பர் 4, புதன்

இதைச் சார் படிப்பார். படிக்கட்டும்.

ஃபேன் ஓடவில்லை. அந்த ஜூலை இருபத்தைந்தாம் தேதி கரண்டே இல்லை, பழைய டைப்ரைட்டரில்தான் அடித்தேன். ஜூலை பதினெட்டாம் தேதி அவர் 'பரிசீலனைன்னா என்ன' என்று கேட்டபோதே முடிவு செய்துவிட்டேன். ஒரு வாரம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பஸ்ஸில் போய் வரும்போது மனசுக்குள் வாசகம் எழுதினேன். நாற்பத்தேழு என்று தேர்ந்தெடுத்தது, அறுபத்து மூன்றில் அந்த இடத்துக்கு வரும்போது படிக்கிறவனுக்கும் கண் சொக்கிவிடும் என்பதால். நடக்கிற ஷரத்தைச் சேர்த்தது, வேட்டி கிழியாமல் எவனுக்கும் நடைபாதை தெரியாது என்பதால். அருணகிரியின் பெயர் எந்த வரிசையிலும் விழவில்லை. நான்தான் போட்டேன். போடும்போது சிரித்தேன்.

இத்தனை நாளாகப் பிழை, பிழை என்று இதில் நானே எழுதிவந்தேன். இப்போது அதே வார்த்தையைப் பேப்பரில் எழுதித் தா என்றால் கை வரமாட்டேன் என்கிறது.

ஆனால் கண்காணிப்பாளர் நாற்காலி எனக்கு வேண்டும். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இருபத்து நாலு வருடம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேறு ஊர்களில் கண்காணிப்பாளர்களாகிவிட்டார்கள். பெயர்ப்பலகையில் என் நீளமான பெயரை எப்படி எழுதுவார்கள் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம்தான் இருக்கிறது. இந்தப் பட்டியலை விட்டால் அடுத்தது கிடையாது.

இன்று அடி எண்ணவில்லை.

(மொழி, ஜூலையிலேயே எனக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டிலும் கரண்ட் இல்லை, பகல் முழுக்க விசிறியால் வீசிக்கொண்டு கிடந்தேன். பிழை என்று எழுதிக் கொடுத்துவிடு. நீ சூப்பிரண்டு ஆக வேண்டும். டயர் கடை வரைக்கும் நடக்கிறேனே, எனக்கு அது போதும். மிச்சத்துக்கு ஆட்டோ இருக்கிறது. விளையாட்டில் ஒரு ஆளாவது ஜெயிக்க வேண்டும். - இசக்கி)

செப்டம்பர் 5, வியாழன்

காலையில் பெரிய சண்டை. "நான் சொல்லுததை ஒரு தடவையாவது கேளுட்டி" என்றார். முப்பது வருடத்தில் எப்போது கேட்டேன், இப்போது கேட்க?

அவர் எழுதியதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் மத்தியானம் மறுபடி படித்தேன். 'அது போதும்' என்று எழுதியிருக்கிறார். ஓட்டத்தில் கடைசியாக வருகிற பையனைக்கூட 'போதும்' என்று நிற்கவிடாத மனுசன். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

விளக்கம் கொடுத்துவிட்டேன். 'பொருள் எண் 47 பிழையன்று. பதினைந்து மனுக்களின் பேரில், எந்தப் பிரிவும் குறிப்பு வைக்காத நிலையில், தெரிந்தே என்னால் தயாரிக்கப்பட்டு வைக்கப்பட்டது. அவை பரிசீலனையில் உள்ளதாக இதுவரை பதினான்கு கடிதங்கள் அனுப்பியுள்ளேன். அவற்றில் உண்மை இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

ஆணையர் படித்தார். முழுவதும் படித்தார். ஆகஸ்டிலிருந்து அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

அவசரக் கூட்டம். அருணகிரி எழுந்து, "ஒரு அலுவலர் தன் வீட்டு மனுவைத் திருட்டுத்தனமா உள்ள வச்சி மன்றத்தை ஏமாத்தியிருக்காங்க. நாம யாரும் படிக்காத பொருள் அது. செல்லாதுன்னு அறிவிக்கணும்" என்றார். நான் ஓரத்தில் தீர்மானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். பேனா வழுக்கியது, அவ்வளவு வியர்வை.

சொர்ணம்மாள் மைக்கைத் தட்டினார்.

"யாரு படிக்கல? நான் படிச்சேன்."

பச்சைப் பொய். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தன் பெயரே தெரியாது, கண்ணாடியைக் கூட்டத்துக்கு எடுத்துவருவதும் இல்லை.

"நல்லாப் படிச்சி, ஊருக்கு நல்லதுன்னுதான் பாஸ் சொன்னேன். படிக்காம பாஸ் போட்டவங்க யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க. பத்திரிகைக்காரரும் இருக்காரு, பேர எழுதிக்கிடட்டும்."

ஒரு கையும் எழவில்லை. நான்காவது வார்டு, "நான் ரெண்டு தடவை படிச்சேன்" என்றார். ஒன்பதாவது வார்டு, சாக்கடை மூடி என்ற வரியைத் தான் அடிக்கோடிட்டே வைத்திருந்ததாகச் சொன்னார். ஒவ்வொருவராகப் படித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் எல்லோரும் அருணகிரியைப் பார்த்தார்கள்.

"முன்மொழிஞ்சவரு படிக்காமலா இருப்பாரு?" என்றார் தலைவர்.

அருணகிரி துண்டால் முகத்தைத் துடைத்தார். "படிச்சேன்" என்றார்.

ஏகமனதாக.

130 அடி. படி வரை போய்த் திரும்பி, மிச்சம் வாசலிலேயே.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று மிட்டாய்க்கடைப் படியை உடைத்தார்கள். முதல் அடியை அருணகிரியே சம்மட்டியால் போட்டார். 'சொன்னதைச் செய்தார் துணைத்தலைவர்' என்று நாளைக்குப் பேப்பரில் வரும். அடுப்பு உள்ளே போய்விட்டது.

எனக்கும் ஆணை வந்தது. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். கண்காணிப்பாளர் பட்டியலில் பெயர் நீக்கம். ஊருக்கு வெளியே இருக்கிற குப்பையை உரமாக்கும் கிடங்குக்கு மாற்றல். ஆணையர் என் கண்ணைப் பார்க்காமல் கொடுத்தார். தலைவர் வந்து, "தீர்மானத்தைக் காப்பாத்த முடிஞ்சிது, உன்னைக் காப்பாத்த முடியலையேம்மா" என்றார். நான் சரி என்றேன். சரியில்லை. பஸ்ஸில் வரும்போது வயிறு எரிந்தது. யார் மேல் என்று தெரியாததால் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டேன்.

சாரிடம் சாப்பாடு முடிந்த பிறகு சொன்னேன். இன்று சிவப்பு மையில் ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

உரக்கிடங்கில் முதல் வாரம். காய்கறிக் கழிவு, வாழைமட்டை, கல்யாண மண்டபத்து இலை. மூக்கு மூன்று நாளில் பழகிவிட்டது. இங்கே வருவதெல்லாம் நாற்பத்தைந்து நாளில் உரமாகிறது. நகராட்சியில் சொன்ன நாளில் சொன்னபடி நடக்கிற ஒரே பிரிவு இதுதான்.

240 அடி.

அக்டோபர் 12, சனி

365 அடி. இரண்டு இருக்கைகளில் உட்கார்ந்தார்.

அக்டோபர் 16, புதன்

மழை. நடக்கவில்லை. சாருக்கு ஊரில் எல்லோர் மேலும் கோபம்.

அக்டோபர் 21, திங்கள்

610 அடி. கம்பு மட்டும்தான், என் தோள் வேண்டாமாம்.

அக்டோபர் 25, வெள்ளி

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கிறது. பதினொரு மணிக்குக் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா போன் செய்தார். 

"பயப்படாதீங்கம்மா. சார் இங்க உக்காந்திருக்காரு."

"யார் கூட வந்தாரு?"

"தனியா. நடந்து."

 அவரே தொடர்ந்தார். "பிரச்சினை அது இல்ல. வந்துட்டாரு, திரும்பிப் போகத் தெம்பு இல்ல. ஆட்டோ வச்சா ஏற மாட்டேங்காரு. ஒரு மணி நேரமா பெஞ்சில இருக்காரு. நீங்க வந்து பேசுங்க."

போகிற தூரத்துக்கு மட்டும் தெம்பைக் கணக்குப் போட்டிருக்கிறார் பி.டி. வாத்தியார். திரும்பி வர வேண்டும் என்பதை மறந்துவிட்டார். அரைநாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போனேன். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, வருகிற நோயாளிகளுக்கெல்லாம் எப்படிக் காலைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆயிரத்து நாப்பதுட்டி" என்றார் சுவரைப் பார்த்து.

"ஏன் சொல்லாம வந்திய? விழுந்தா என்ன செய்வீய?"

"விழல."

"ஆட்டோல வாங்க."

"மாட்டேன்."

"சரி, எந்திரிங்க. நடப்போம்."

முந்நூறு மீட்டருக்கு எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்தோம். பைக்கில் வந்த ஒருவர் நடைபாதையில் ஏறப் பார்த்தார், சார் கம்பை நீட்டியதும் இறங்கிப் போனார். அருணகிரி கடைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம். அவர் கல்லாவிலிருந்து எங்களைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கி, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். சார் உட்கார்ந்தார். 

டயர் கடை தாண்டியதும் சார் என் கையைப் பிடித்தார். கம்பு இருந்தது, விழுகிற மாதிரியும் இல்லை.

"ஏட்டி, அந்த நாற்காலி உனக்கு ரொம்ப ஆசைல்லா?"

"ஆமா" என்றேன். "ரொம்ப ஆசை. இன்னும் வயிறு எரியுது."

"எரியும்" என்றார். "எனக்கும் எரியுது."

அதற்குப் பிறகு எதையெல்லாமோ பேசிக்கொண்டு வந்தோம். கிடங்கு நாற்றம், சொர்ணம்மாள் முழங்கால், தீபாவளிக்கு என்ன பலகாரம். கல்யாணமான புதிதில் இந்தத் தெருவில் இப்படி நடந்திருக்கிறோம், அதற்குப் பிறகு எப்போது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை.

போக 1,040 அடி, அவர் எண்ணியது. வர எத்தனை என்று எழுத உட்கார்ந்தால், நான் எண்ணவில்லை. அவரைக் கேட்டேன். அவரும் எண்ணவில்லையாம்.